சந்நிதிக்கு அழுதுகொண்டு போன வள்ளம்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் பல்கலைக்கழகம் வரைக்கும் போய்வந்துவிட்டால், அவன் அங்கே என்ன படித்தான் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. அவனுக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் படித்தது பொருளியல். ஆனால் எங்கள் வீட்டில் இறைப்பு மிசின் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பசு சாப்பிடாமல் நின்றாலும் என்னைத்தான். பக்கத்து வீட்டு மாமிக்கு இடுப்பு நொந்தால், "உவன் படிச்ச பிள்ளையெல்லே, ஒருக்கால் கேட்டுப் பார்" என்று மதிலுக்கு மேலால் குரல் வரும். இதில் கேட்டவர்கள்மேல் எந்தப் பிழையும் இல்லை. பிழை என்னவென்றால், கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் பதில் சொன்னேன். (பசுவின் விஷயத்திலும்கூட.)

ஆகவே நோர்வேயில் இருக்கும் மாமா ஒரு பாய்வள்ளத்தை அனுப்பியபோது, அதை ஓட்டத் தெரியுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. தெரியாது என்று நானும் சொல்லவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஊரோடு வந்து கடற்கரையில் வீடு கட்டிக் கடைசிக்காலத்தைக் கழிக்கப்போகிறேன் என்று வருடா வருடம் சொல்லுவார். இந்தமுறை அதற்கு முன்னோடியாக ஒரு கொள்கலன் வந்தது. அதற்குள் ஒரு சோபா, ஒரு சலவை இயந்திரம், யாழ்ப்பாண வெயிலுக்குத் தோதாக நாலு சோடி பனிச் சப்பாத்து, கடைசியாக அந்த வள்ளம். வெள்ளை நிறம், விளிம்பில் ஒரு நீலக் கோடு. கழற்றி மாட்டக்கூடிய பாய்மரம், ஒரு பெரிய பாய், ஒரு சின்னப் பாய். வள்ளத்துக்குக் கீழே இரண்டு சில்லு வைத்த இழுவைப் பெட்டி.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கடலிலை ஓடுற சாமானுக்கு ஏன் தம்பி சில்லு?"

"ரோட்டாலை இழுத்துக்கொண்டு போறதுக்கு அப்பா."

"அப்ப ரோட்டாலை இழுக்கிற சாமானுக்கு ஏன் பாய்?"

என் பட்டப்படிப்பில் இதற்கு விடை இருக்கவில்லை.

நாங்கள் நீர்வேலி ஆட்கள். வாழைதான் எங்களுக்குத் தொழில். எங்கள் வீட்டில் கடல் என்றால் கீரிமலை, கீரிமலை என்றால் அந்தியேட்டி. யாராவது செத்தால் சாம்பலைக் கொண்டுபோய்க் கரைத்துவிட்டு, குளித்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். "ஆக்களைக் கரைக்கிற இடத்துக்கு ஆரும் விளையாடப் போவினமோ?" என்பது அப்பாவின் கேள்வி. மாமாவோ தொலைபேசித் திரையில் கம்பளித் தொப்பியோடு வந்து, "அத்தான், நான் வாறதுக்குள்ளை எல்லாரும் ஓடிப் பழகுங்கோ. மருமோன் படிச்சவன்தானே, அவன் காட்டித் தருவான்" என்று சொல்லிவிட்டு மறைந்துவிட்டார்.

வள்ளம் வாழைத் தோட்டத்தின் ஓரத்தில், கிணற்றடிக்குப் பக்கத்தில் நின்றது. அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மயக்கம் வரும். கரவெட்டியில் என் அலுவலகம் முடிந்து பின்னேரம் வந்ததும் நேரே போய் வள்ளத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிடுவேன். கைபேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பாய் கட்டுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவேன். வாழைத் தோட்டத்துக்குள் காற்று ஓடும்போது எழும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? ஆயிரம் இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூரத்திலிருந்து புரண்டு வரும். கிட்ட வந்து சளசளத்து ஓயும். பிறகு அடுத்தது கிளம்பும். அது அசல் அலைதான். அந்த அலையில் நான் எங்கெல்லாமோ போனேன். ஒருநாள் மாலைதீவைத் தாண்டியபோது, வாய்க்காலுக்குள் நின்ற அப்பா மண்வெட்டியோடு நிமிர்ந்து, "டேய், காலை இஞ்சாலை எடு, தண்ணி திருப்பவேணும்" என்றார்.

வீட்டு ஆட்களும் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கினார்கள். தங்கச்சி தர்சி உயர்தரப் பரீட்சைக்கு அதற்குள் இருந்துதான் படித்தாள். (பரீட்சையில் அவள் நல்லாய்ச் செய்ததற்கு வள்ளமும் ஒரு காரணம் என்று நான் சொல்லுவேன், அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள்.) அம்மா முருங்கையிலை ஆய்வதற்கு ஏறுவா. கோழியொன்று முன்பக்கத்துப் பெட்டிக்குள் அடைகாத்துக் குஞ்சும் பொரித்தது. ஆக, தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம் அந்த வள்ளம் கண்டுவிட்டது.

அப்பாவுக்கு அது கிடந்த இடம்தான் கண்ணுக்குள் நின்றது. ஒருநாள் வள்ளத்தின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த துவாரத்தை விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தண்ணி வடிய ஓட்டையும் அவங்களே போட்டு விட்டிருக்கிறாங்கள். இதுக்குள்ளை மண்ணையும் எருவையும் போட்டால் கத்தரிக்கு இதைவிட ஒரு நாத்துமேடை கிடையாது."

"அப்பா, இது வள்ளம்!"

"வள்ளமெண்டால் ஓடவேணும். ஒரு தரம் ஓட்டிக் காட்டு. இல்லையெண்டால் அடுத்த கிழமை கத்தரி."

அப்பா சொன்னால் சொன்னதுதான். மாமா தந்த சோபா அப்போது ஏற்கனவே மாட்டுக்கொட்டிலில், வைக்கோல் சுமந்துகொண்டு நின்றது. அன்றிரவு எனக்குக் கனவில் வெள்ளை வள்ளம் முழுக்க ஊதாநிறக் கத்தரிக்காய் தொங்கியது.

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் சேர்ந்து வந்த ஒரு நாள். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் புது வாகனம் எது வந்தாலும் முதல் ஓட்டம் செல்வச்சந்நிதிக்குத்தான். சைக்கிளுக்கும் அதுதான், லாண்ட்மாஸ்டர் உழவு மிசினுக்கும் அதுதான். தொண்டைமானாற்றங்கரையில் கோயில், ஆற்றில் வள்ளம். "ரோட்டாலை போறதைவிட முருகன்ரை வாசலுக்கு நேரை போய் இறங்கலாம்" என்று நான் சொன்னதில் அம்மா உருகிப்போனா. அப்பா தோட்டத்துக்குள் போய், குலையோடு இரண்டு வாழை வெட்டிக்கொண்டு வந்தார்.

"உது என்னத்துக்கு அப்பா?"

"புது வாகனத்துக்கு வாழை கட்டாமல் கோயிலுக்குப் போறதோ?"

பாய்மரத்துக்கு இரண்டு பக்கமும் வாழை. குறுக்கே மாவிலைத் தோரணம். முன்பக்கத்தில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு. லாண்ட்மாஸ்டரில் கொழுவி இழுத்துக்கொண்டு புறப்பட்டோம். அது ஓடுகிற வேகத்துக்கு நடந்து போகிறவர்கள் எங்களோடு கதைத்துக்கொண்டே கூட வரலாம், வந்தார்கள். புத்தூர்ச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற ஒருவர் கத்தினார்:

"அண்ணை, நீர்வேலிக்குக் கடல் வந்திட்டுதோ?"

அப்பா நேரே பார்த்தபடி ஓட்டினார். அவருடைய காது சிவந்ததை நான் வள்ளத்தின் மேலிருந்து பார்த்தேன்.

சந்நிதிக்குத் தெற்கே ஆறு அகன்று, நீரேரியாகப் பரந்து கிடக்கும் ஒரு கரையில் வள்ளத்தை இறக்கினோம். அங்கே வலை காயப்போட்டுக்கொண்டு நின்ற ஒருவரிடம், "அண்ணை, இந்தக் காத்துக்குப் பாய் எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் தம்பி? எங்களுக்கு எஞ்சின்தானே. பாயெல்லாம் எங்கடை பூட்டன்மாரோடை போச்சு." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களைப் பார்த்தால் படிச்ச பிள்ளை மாதிரிக் கிடக்கு. உங்களுக்குத் தெரியாததே?"

(பாருங்கள். முன்பின் தெரியாத மனிதருக்கும் அது தெரிந்துவிடுகிறது.)

தண்ணீர் வடியும் துவாரத்துக்கு நான் அடைப்பான் வைத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான். மாமா அனுப்பிய செம்மஞ்சள் மிதவைச் சட்டைகள் மூன்று. நோர்வேக்காரரின் அளவு. அம்மா சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது, கழுத்துக்கு மேலே குங்குமப் பொட்டு மட்டும்தான் தெரிந்தது. அப்பா தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெறும் மண்ணெண்ணெய்க் கான் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

முதலில் சின்னப் பாயை ஏற்றினேன். அது ஒருமுறை படபடத்தது. பிறகு வயிறு நிறைந்த பிள்ளையைப் போல அமைதியானது. வள்ளம் நகர்ந்தது.

அதை எப்படிச் சொல்வேன்? யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. கரை தானாகப் பின்னால் போனது. தண்ணீர் வள்ளத்தின் அடியில் மெல்ல மெல்ல எதையோ முணுமுணுத்தது. தூரத்தில் சதுப்பில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்று எங்களைப் பார்த்தன. பாய்மரத்தில் கட்டிய வாழையிலைகள் சளசளத்தன. நான் கண்ணை மூடினேன். எங்கள் தோட்டம் தண்ணீரில் மிதந்து போவதுபோல இருந்தது. அம்மா கையைத் தண்ணீருக்குள் விட்டு, விரல்களுக்கிடையால் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தா. வீட்டில் ஒருநாளும் நான் அம்மாவின் சும்மா இருக்கும் கையைக் கண்டதில்லை.

அப்பா பாயை அண்ணாந்து பார்த்தார். பிறகு மிக மெதுவாக, யாருக்கோ நித்திரை குழம்பிவிடும் என்பதுபோலச் சொன்னார்:

"சத்தமே இல்லையடா."

விடிந்தால் இறைப்பு மிசின், பின்னேரம் லாண்ட்மாஸ்டர் என்று ஆயுள் முழுக்க இரைச்சலுக்குள் நின்ற மனிதர். கத்தரி அந்த நிமிடத்தில் தோற்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படித்தவனால் நிறுத்த முடியாதே.

"பெரிய பாயையும் ஏத்துவம்," என்றேன்.

பையைத் திறந்தபோது எனக்கு ஒரு தும்மல் வந்தது. கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மடிப்பு மடிப்பாக, அம்மாவின் சேலைகளைப் போல அழகாக மடிக்கப்பட்டிருந்தது பாய். (நான் அதை அப்படி மடித்து வைக்கவில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. உறைப்பு பிறகு வந்தது.) கயிற்றை இழுத்தேன். வெள்ளைப் பாய் வாழைகளுக்கு நடுவால் வானத்தை நோக்கி ஏறியது. சோளகம் அதைப் பிடித்து ஒரு உதறு உதறியது.

வானத்திலிருந்து சிவப்பாக எதுவோ தூவியது.

ஒரு கணம் மிக அழகாக இருந்தது. வெயிலில் மின்னிக்கொண்டு, பூந்தூள் மாதிரி. அடுத்த கணம் நான்கு பேரும் ஒன்றாக அலறினோம். கண்ணுக்குள் நெருப்பு. மூக்குக்குள் நெருப்பு. பாய் உதற உதற இன்னும் கொட்டியது. தூள், விதை, காம்பு.

"அம்மா! இந்தப் பாயிலை என்ன?"

"ஒண்டுமில்லை தம்பி..." நான்கு தும்மலுக்குப் பிறகு மிச்சம் வந்தது. "கொஞ்ச மிளகாய் காயப்போட்டனான்."

"பாயிலையோ?"

"நல்ல வெள்ளைத் துணி. சும்மா பைக்குள்ளை கிடந்து என்ன செய்யிறது? வெயிலை நல்லாய்ப் பிடிச்சு வைச்சுது. உதறித்தானே வைச்சனான்!"

"எவ்வளவு நாள் காயப்போட்டனீர்?" இது அப்பா, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

"இந்தப் போகம் முழுக்க."

"அப்ப சின்னப் பாயிலை?"

"அது ஒண்டுக்கும் காணாது இஞ்சேருங்கோ, சின்னன்."

அப்பா சால்வையால் கண்ணைத் துடைத்தார். சால்வையிலும் மிளகாய் இருந்தது. நான் கையால் துடைத்தேன். பாய்க்கயிறு இழுத்த கை. தர்சி ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். அது உப்புத் தண்ணீர். அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சுக்கான் எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை, அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. (யாரும் பிடித்திருக்கவில்லை.) பெரிய பாயும் சின்னப் பாயும் நிறைந்து, வள்ளம் எங்கள் உதவி எதுவும் இல்லாமல் பறந்தது.

"படிச்சனியெல்லே, என்னவும் செய்யடா!" என்று அப்பா கத்தினார்.

செய்தேன். அழுதேன்.

"முருகா! சந்நிதி முருகா! என்ரை பிள்ளையளைக் காப்பாத்தப்பா!" அம்மாவின் குரல் ஆறு முழுக்கக் கேட்டது. அப்பாவும் சேர்ந்துகொண்டார். "முருகா!" தும்மல். "முருகா!" தும்மல். எங்கோ மணிச் சத்தம் கேட்டது. கிட்ட வந்தது. பிறகு வள்ளம் சேற்றில் உரசி, ஒரு பெருமூச்சு விட்டதுபோல நின்றது.

கண்ணை ஒரு கீறலாகத் திறந்தேன். நாங்கள் சந்நிதிக் கோயில் கரையில் நின்றோம். பூசை நேரம். கரை நிறையச் சனம்.

அவர்கள் கண்டதை நீங்களும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். குலைவாழை கட்டி, மாவிலைத் தோரணம் தூக்கி, விபூதி பூசிய ஒரு வெள்ளை வள்ளம், துடுப்பும் இல்லாமல் எஞ்சினும் இல்லாமல், பூசை மணிக்குச் சரியாக முருகனின் வாசலில் வந்து நிற்கிறது. அதற்குள் தகப்பன், தாய், மகன், மகள் நான்கு பேரும் கண்ணீர் தாரை தாரையாக ஓட, முருகா முருகா என்று கதறுகிறார்கள்.

கூட்டம் அப்படியே கைகூப்பியது. பிறகு யாரோ ஒருவர் தொடங்கினார்: "அரோகரா!"

"அரோகரா!" என்றது கரை முழுதும்.

ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கி வந்தா. இடுப்பில் கைக்குழந்தை. "அம்மா, பிள்ளையின்ரை தலையிலை உங்கடை கையை ஒருக்கால் வைச்சு விடுங்கோ."

அம்மா பதறிப் பின்னால் போனா. "ஐயோ வேண்டாம் பிள்ளை! என்ரை கை... என்ரை கையாலை தொடக்கூடாது!"

"என்ன பணிவு, பாருங்கோ," என்ற அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியது.

வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஐயா முன்னுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்து இறக்கினார். இடுப்பில் தொங்கிய கானை அவர் மரியாதையோடு பார்த்தார். அதுவும் விரதத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கவேண்டும்.

"என்ன நேர்த்தி ஐயா? இப்பிடி அழுதழுது வாறியள்?"

இனியும் பொறுக்கமுடியாது என்று நான் வாயைத் திறந்தேன். "இல்லை ஐயா, அது வந்து மிள..."

அப்பாவின் கை என் தோளில் விழுந்தது.

"இவன்ரை நேர்த்தி," என்றார் அப்பா.

"என்ன வேண்டுதலோ?"

"அது வெளியிலை சொல்லக்கூடாது."

அன்னதானத்துக்கு எங்களை முதல் பந்தியில் இருத்தினார்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. ஒருவர் மோர்மிளகாய் கொண்டுவந்தார். நான்கு கைகளும் ஒன்றாக எழுந்து இலையை மூடின. "பாத்தியளே, உறைப்பும் விட்டிருக்கினம்," என்று பக்கத்து இலைக்காரர் தன் மனைவிக்குக் குசுகுசுத்தார்.

அப்பா போய் லாண்ட்மாஸ்டரை எடுத்துவர, வள்ளத்தை வீட்டுக்கு இழுத்துவந்தோம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. விடியக் கிணற்றடியில் சத்தம் கேட்டது. மண் போடுகிறார் என்று நினைத்து ஓடினேன். அப்பா பெரிய பாயைக் கல்லில் விரித்து, சவர்க்காரத் தூள் போட்டுத் தும்புக்கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் இன்னும் சிவந்திருந்தன.

"அப்பா... கத்தரி?"

அவர் நிமிரவில்லை.

"சந்நிதியிலை நிண்டு நேர்த்தி எண்டு சொல்லிப்போட்டன். நேர்த்தி வைச்ச சாமானுக்குள்ளை கத்தரி நடுறதோ? படிச்சனி, உது தெரியாதே?"

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை, சோளகம் தொடங்கியதும், லாண்ட்மாஸ்டர் எங்கள் வள்ளத்தை இழுத்துக்கொண்டு புத்தூர்ச் சந்தியைத் தாண்டும். (தேத்தண்ணிக் கடைக்காரர்கள் இப்போது எழுந்து கும்பிடுகிறார்கள்.) நானும் ஒருவாறு ஓட்டப் பழகிவிட்டேன். நடு ஆற்றில் பாயை நிறைத்ததும் அப்பா வாழையிலை நிழலில் சரிந்து படுத்துவிடுவார். அந்தச் சத்தமில்லாத இடத்தில் அவர் நித்திரை கொள்வதைப் பார்ப்பதற்காகவே நான் கொஞ்சம் சுற்றி ஓட்டுவேன். அம்மா தண்ணீரில் கை விட்டபடி இருப்பா. பாய்க்கு மட்டும் கிட்டப் போகமாட்டா.

மாமா இன்னும் வரவில்லை. அடுத்த வருடம் நிச்சயம் வருகிறாராம்.

தர்சி போன மாதம் பேராதனைக்குப் படிக்கப் போனாள். இனி எங்கள் வீட்டில் எல்லாம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். பஸ் நிலையத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றா. அந்த மிளகாய் நாளுக்குப் பிறகு, எங்கள் வீட்டில் யார் அழுதாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. படம் பார்த்து அழுதாலும், செத்தவீட்டில் அழுதாலும், வெங்காயம் உரித்து அழுதாலும் அதையே கேட்போம். தர்சி பஸ்ஸின் யன்னலால் தலையை நீட்டி அம்மாவிடம் கேட்க வாயெடுத்தவள், அப்பாவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா மறுபக்கம் திரும்பி, சால்வைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு, பஸ் நேரம் எழுதிய பலகையைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அவ்வளவு வாசிக்கத் தெரியாது.

"அப்பா," என்றாள் தர்சி. அவளுடைய குரலும் சரியாக இல்லை. "பாயிலை காய்ஞ்சதோ?"

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா, திரும்பாமலே. "பாயிலை காய்ஞ்சதுதான்."